ஆறு மாதக் கெடு விபத்து நடந்த நாளிலிருந்தே ஓடுகிறது

ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வி இது. கணவர் டைல்ஸ் ஒட்டும் தொழிலாளி, வயது 38. இரு சக்கர வாகனத்தில் போய்க்கொண்டிருந்தவரைப் பக்கச் சாலையிலிருந்து திரும்பிய கார் இடித்துவிட்டது. தொடை எலும்பு முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். முழங்கால் சரியாக மடங்கவில்லை. விபத்து நடந்து நான்கரை மாதம் ஆகிறது. கார் உரிமையாளர் மருத்துவச் செலவுக்கென்று 40,000 ரூபாய் கொடுத்துவிட்டு, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார். உறவினர்களோ, போலீஸ் வழக்கு முடிந்த பிறகு நஷ்டஈட்டு வழக்குப் போடலாம் என்கிறார்கள். என்ன வழி, எத்தனை நாளுக்குள்?

முதலில் கெடுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். மோட்டார் வாகனச் சட்டம் 166(3)ஆம் பிரிவின்படி, விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் இழப்பீட்டு மனு தாக்கல் செய்யப்பட வேண்டும். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அல்ல, பிளேட் எடுத்த நாளிலிருந்து அல்ல, குற்றவியல் வழக்கில் தீர்ப்பு வந்த நாளிலிருந்தும் அல்ல. ஆக, உங்கள் கையில் இருப்பது ஒன்றரை மாதம்.

உறவினர்கள் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அவர்கள் பழைய சட்டத்தை நினைவில் வைத்துப் பேசுகிறார்கள். 1988ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோதும் ஆறு மாதக் கெடு இருந்தது. தக்க காரணம் காட்டினால் ஓராண்டு வரை, இந்த மனுக்களை விசாரிக்கும் தீர்ப்பாயம் ஏற்றுக்கொள்ளலாம் என்றும் இருந்தது. 1994இல் அந்தக் கெடுவையே எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் மனுப் போடலாம் என்ற நிலை. மூன்று ஆண்டு, நான்கு ஆண்டு கழித்து வந்த வழக்குகளெல்லாம் நடந்திருக்கின்றன. 2019 திருத்தச் சட்டம் ஆறு மாதக் கெடுவைத் திரும்பக் கொண்டுவந்தது; அது 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்த முறை, தாமதத்தை மன்னிக்கும் அதிகாரத்தைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு வரிகூட இல்லை.

இந்தக் கெடு செல்லுமா என்பதே இப்போது உச்ச நீதிமன்றத்தின் முன் கேள்வியாக இருக்கிறது. அந்த வழக்குகள் முடியும்வரை காலக்கெடுவை மட்டும் காரணம் காட்டி இழப்பீட்டு மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2025 நவம்பரில் அந்த நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. கெடு தாண்டியவர்கள் அதை வைத்து மனுப் போடலாம், போடவும் வேண்டும். ஆனால் கெடுவுக்குள் இருக்கும் ஒருவர் அந்த உத்தரவை நம்பிச் சும்மா உட்கார்ந்திருப்பது வீண் துணிச்சல். இடைக்கால உத்தரவு இறுதித் தீர்ப்பு அல்ல. தவிர, வட்டிக்கணக்கு ஒன்று இருக்கிறது. 171ஆம் பிரிவின்படி, தீர்ப்பாயம் கொடுக்கும் வட்டி மனுத் தாக்கல் செய்த நாளுக்கு முன்பிருந்து ஓட முடியாது. நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கிடையாது.

போலீஸ் வழக்குக்கும் இதற்கும் உள்ள உறவைப் பலர் தவறாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள். குற்றவியல் வழக்கு அரசுக்கும் ஓட்டுநருக்கும் நடுவில் நடப்பது. இப்போது அது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின்படி நடக்கும்: அலட்சியமாக ஓட்டியதற்கு பிரிவு 281, காயம் ஏற்படுத்தியதற்கு 125, உயிர் போயிருந்தால் 106. அதில் ஓட்டுநருக்குத் தண்டனை கிடைத்தாலும் அபராதப் பணம் பொதுவாக அரசுக்குத்தான் போகும். உங்கள் கணவரின் காலுக்கான பணம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில்தான் கிடைக்கும். அங்கே குற்றத்தைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்ற அளவே போதும். ஓட்டுநர் குற்றவியல் நீதிமன்றத்தில் விடுதலையாகிவிட்டாலும் தீர்ப்பாயம் இழப்பீடு கொடுக்கலாம், கொடுத்தும் வருகிறது. பிறகு எதற்காகக் காத்திருக்க வேண்டும்?

காவல் நிலையத்துக்கு ஒரு முறை போய்த்தான் ஆக வேண்டும், அதுவும் வேறொரு காரணத்துக்காக. 2022 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, விபத்து பற்றிய தகவல் வந்த 48 மணி நேரத்துக்குள் விசாரணை அதிகாரி முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். 50 நாட்களில் இடைக்கால அறிக்கை, 90 நாட்களில் விரிவான அறிக்கை. பாதிக்கப்பட்டவருக்கு உள்ள உரிமைகளை விளக்கும் படிவத்தை 10 நாட்களுக்குள் அவர் கையில் கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. என்னிடம் வழக்குக்காக வந்தவர்களில் அந்தக் காகிதத்தை வாங்கியதாகச் சொன்னவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். போலீஸ் அனுப்பும் அந்த அறிக்கையையே தீர்ப்பாயம் இழப்பீட்டு மனுவாகக் கருத வேண்டும் என்று 166(4) சொல்கிறது. அப்படியானால் தனியாக மனு எதற்கு என்று கேட்கலாம். அறிக்கை போனதா, எந்தத் தீர்ப்பாயத்துக்குப் போனது, அதில் உங்கள் கணவரின் வருமானமும் தொழிலும் சரியாக இருக்கின்றனவா என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. விசாரணை அதிகாரியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், மனுவையும் கெடுவுக்குள் போட்டுவிடுங்கள். இரண்டும் ஒரே விபத்தைப் பற்றியவை என்று மனுவில் சொல்லிவிட்டால், தீர்ப்பாயம் சேர்த்து எடுத்துக்கொள்ளும்.

மனுவை எங்கே போடுவது என்பதில் சட்டம் உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. விபத்து நடந்த இடம், நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம் ஆகிய மூன்றில் எந்த எல்லைக்குள் உள்ள தீர்ப்பாயத்துக்கும் போகலாம். காலை மடக்க முடியாதவரை ஒவ்வொரு வாய்தாவுக்கும் 200 கிலோமீட்டர் அலைக்கழிக்க வேண்டியதில்லை. சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றமும், மாவட்டங்களில் மாவட்ட, சார்பு நீதிமன்றங்களும் இந்தத் தீர்ப்பாயமாகச் செயல்படுகின்றன. வழக்கு எண்ணுக்கு முன்னால் எம்.சி.ஓ.பி. என்று இருக்கும், மோட்டார் விபத்து இழப்பீட்டு மனு என்பதன் ஆங்கிலச் சுருக்கம். ஓட்டுநர், வாகன உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம் ஆகிய மூவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்ப்பதுதான் வழக்கம். பணம் கட்டப்போவது பெரும்பாலும் மூன்றாமவர்தான்.

அதனால்தான் அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டாம் என்கிறேன். கார் உரிமையாளர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை, பயந்திருக்கிறார், அவ்வளவுதான். காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு நடப்பில் இருந்தால் அவர் கையிலிருந்து பணம் போகப்போவதில்லை என்பதை யாராவது அவருக்கு எடுத்துச் சொன்னால் அவரே பத்திரத்தைக் கிழித்துப் போட்டுவிடுவார். நீங்கள் கையெழுத்துப் போட்டால் அந்தத் தாளைக் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் எடுத்து நீட்டுவார். "முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன் என்று எழுதியிருக்கிறீர்களே?" என்று அவர் கேட்கும்போது பதில் சொல்வது கஷ்டம். 40,000 வாங்கியதை மறைக்கவும் வேண்டாம். மருத்துவச் செலவுக்காக வாங்கினோம் என்று மனுவிலேயே சொல்லிவிடுங்கள்.

காப்பீடு காலாவதியாகியிருந்தால்? அப்போது உரிமையாளரே கொடுக்க வேண்டும்; கொடுக்காவிட்டால் 174ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியர் மூலம் நில வரிப் பாக்கியைப் போல வசூலிக்க முடியும். சட்டத்தில் ஒரு வரியாக இருக்கும் இது நடைமுறையில் நீண்ட காலம் இழுக்கும். ஓட்டுநருக்குச் செல்லத்தக்க உரிமம் இல்லை என்ற நிலை வேறு. அங்கே காப்பீட்டு நிறுவனம் முதலில் உங்களுக்குக் கட்டிவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவு வருவது வழக்கம்.

ஆவணங்களில் நான் முதலில் கேட்பது எஃப்.ஐ.ஆர். அல்ல, ஏ.ஆர். காப்பி, அதாவது முதலில் கொண்டுபோன மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல். காயமடைந்தவரைப் பார்த்த முதல் மருத்துவர், அழைத்து வந்தவர் சொன்னதைக் கேட்டு இரண்டு வரி எழுதியிருப்பார். என்னிடம் வந்த ஒரு வழக்கில் அந்த இரண்டு வரி இப்படி இருந்தது: "இரு சக்கர வாகனத்தில் செல்லும்போது நிலைதடுமாறித் தானாக விழுந்ததாகக் கூறப்படுகிறது." உண்மையில் ஒரு லாரி உரசித் தள்ளியிருந்தது. தூக்கி வந்த பக்கத்துக் கடைக்காரர், லாரி என்று சொன்னால் தன்னையும் சாட்சியாக இழுப்பார்கள் என்று பயந்து, தானாக விழுந்தார் என்று சொல்லிவிட்டார். மயக்கத்தில் இருந்தவருக்கு அது எப்படித் தெரியும்? எஃப்.ஐ.ஆர். நான்கு நாள் கழித்துப் பதிவானது. காப்பீட்டு நிறுவனம் அந்த இரண்டு வரியையும் நான்கு நாளையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. வாகன ஆய்வாளரின் அறிக்கையில் லாரியின் இடது பக்கக் கீறலும் வண்டியின் உடைந்த கைப்பிடியும் ஒத்துப்போனதால் ஒருவழியாகத் தப்பினோம். (உதவி செய்தவரைச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று இப்போது 134-அ பிரிவின் கீழ் விதிகளே இருக்கின்றன, கடைக்காரர்களுக்கு அது தெரிந்திருந்தால் நன்றாக இருக்கும்.) ஆகவே உங்கள் கணவரின் ஏ.ஆர். காப்பியில் கார் என்று இருக்கிறதா, பதிவெண்ணும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

எஃப்.ஐ.ஆர்., பார்வை மகஜர் (விபத்து நடந்த இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் பதிவு), அந்த இடத்தின் மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, காயச் சான்றிதழ், குற்றப்பத்திரிகை ஆகியவை போலீஸ் வழியாக வருபவை. குற்றப்பத்திரிகை இன்னும் தாக்கலாகவில்லை என்றால் அதற்காக மனுவை நிறுத்திவைக்க வேண்டாம், பிறகு சேர்த்துக்கொள்ளலாம். டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக் கடை ரசீதுகள், ஆம்புலன்ஸ் ரசீது, பிசியோதெரபி ரசீது, எல்லாவற்றுக்கும் அசல் வேண்டும். அலுவலகத்தில் மருத்துவக் காப்பீடு கோருவதற்கென்று அசல் ரசீதுகளைக் கொடுத்துவிட்டு நகலோடு வருபவர்கள் பலர்.

அடுத்தது தொகை. இங்கேதான் டைல்ஸ் ஒட்டுகிறவர் என்பது முக்கியமாகிறது. உச்ச நீதிமன்றத்தின் 2009ஆம் ஆண்டு சரளா வர்மா தீர்ப்பும் 2017ஆம் ஆண்டு பிரணாய் சேத்தி தீர்ப்பும் கணக்குப் போடும் முறையை ஏறக்குறைய நிலைநிறுத்திவிட்டன. வருமானத்தோடு எதிர்கால உயர்வைச் சேர்த்து, வயதுக்கேற்ற பெருக்கியால் பெருக்குவது. 40 வயதுக்குக் கீழே உள்ள சுயதொழில் செய்பவருக்கு எதிர்கால உயர்வு 40 சதவீதம். 36 முதல் 40 வயது வரை பெருக்கி 15.

மாத வருமானம் 18,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். 40 சதவீதம் சேர்த்தால் 25,200. ஆண்டுக்கு 3,02,400. 15ஆல் பெருக்கினால் 45,36,000. உயிரிழப்பு வழக்கில் இறந்தவரின் சொந்தச் செலவு என்று இதில் மூன்றில் ஒன்றோ நான்கில் ஒன்றோ, குடும்பத்தின் அளவைப் பொறுத்துக் கழிப்பார்கள். காய வழக்கில் அந்தக் கழிவு இல்லை. வருமானம் ஈட்டும் திறனில் எத்தனை சதவீதம் போனதோ அத்தனை சதவீதம் கொடுப்பார்கள். மருத்துவக் குழு 30 சதவீத ஊனம் என்று சான்று கொடுத்து, தீர்ப்பாயம் அதையே திறன் இழப்பாக எடுத்துக்கொண்டால் 13,60,800. ஆனால் டைல்ஸ் ஒட்டுகிறவர் நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து வேலை செய்கிறார். முழங்கால் மடங்காவிட்டால் அந்தத் தொழிலே இல்லை. மேசையில் உட்கார்ந்து கணக்கு எழுதுபவருக்கு அதே 30 சதவீத ஊனம் பெரிதாக உறைக்காது. உடல் ஊனம் வேறு, தொழில் சார்ந்த திறன் இழப்பு வேறு என்று 2010இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. திறன் இழப்பு 60 சதவீதம் என்று நிலைநாட்ட முடிந்தால் அதே கணக்கு 27,21,600 ஆகிறது. மருத்துவச் செலவு, வலி வேதனை, உடனிருந்து கவனித்தவரின் செலவு, சத்துணவு, போக்குவரத்து எல்லாம் இதற்கு மேல். சில வழக்குகளில் பெருக்கி முறையே வேண்டாம் என்று ஊன சதவீதத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கொடுத்துவிடுவார்கள். அப்படி முடியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு அவர் என்ன வேலை செய்தார், அந்த வேலையில் உடம்பை எப்படி வைத்திருக்க வேண்டும் என்பதைச் சாட்சியத்தில் சொல்ல ஆள் வேண்டும். வேலை கொடுத்த மேஸ்திரியோ ஒப்பந்ததாரரோ வந்து சொன்னால் நல்லது. சம்பளம் வங்கிக் கணக்கிலோ கைபேசிச் செயலியிலோ வந்திருந்தால் அந்தப் பதிவுகளை அச்செடுத்து வையுங்கள். அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருந்தால் அதுவும்.

ஹெல்மெட் போட்டிருந்தாரா என்று நிச்சயம் கேட்பார்கள். காலில் அடிபட்ட வழக்கில் அந்த வாதத்துக்குப் பெரிய வலு இல்லை. மூன்று பேர் போனார்களா, உரிமம் இருந்ததா என்ற கேள்விகளுக்கு மட்டும் உள்ளதை உள்ளபடி வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள். இவர் பக்கமும் தவறு இருந்தால் அந்தப் பங்கைக் கழிப்பார்களே தவிர வழக்கே போய்விடாது.

இதைத் தவிர வேறு வழிகளும் உண்டு. 164ஆம் பிரிவின்படி யார் தவறு என்று நிரூபிக்காமலே உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் பெறலாம். ஆனால் 149ஆம் பிரிவின் நடைமுறைப்படி அதை ஏற்றுக்கொண்டால், 166இன் கீழ் போட்ட மனு அற்றுப்போகும். மேலே போட்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தவறு யார் மீது என்று காட்டவே முடியாதவர்களுக்கு அது நல்ல வழி, உங்களுக்கு அல்ல. அதே 149இன்படி காப்பீட்டு நிறுவனத்தின் அதிகாரி 30 நாட்களுக்குள் ஒரு தொகையைத் தீர்ப்பாயத்தின் முன் முன்வைக்கலாம். பிடித்தால் ஏற்கலாம், பிடிக்காவிட்டால் வழக்கு விசாரணைக்குப் போகும். முதல் தொகையைக் கண்டு மயங்க வேண்டாம். மருத்துவக் குழுவின் சான்று வருமுன் எந்தத் தொகைக்கும் தலையாட்டாதீர்கள்.

இடித்துவிட்டு நிற்காமல் போன வாகனம் எதுவென்றே தெரியாதவர்களுக்கு 161ஆம் பிரிவு இருக்கிறது: உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. அதற்குத் தீர்ப்பாயம் போக வேண்டாம், வருவாய்த் துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும். வேலை நேரத்தில், வேலையின் பொருட்டு விபத்து நடந்திருந்தால் 1923ஆம் ஆண்டுப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின்படியும் கேட்கலாம். அங்கே கெடு 2 ஆண்டு. ஆனால் 167ஆம் பிரிவு இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க விடுகிறது. சொந்த வாகனம் சேதமானதற்கு உங்கள் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்தால் அது நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டிய வழக்கு, அதற்கும் 2 ஆண்டு.

வழக்கறிஞர் பற்றி ஒரு வார்த்தை. மருத்துவமனைப் படுக்கைக்கே வந்து வக்காலத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கிடைக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசுபவர்களை விட்டு விலகுங்கள். தீர்ப்புத் தொகையில் பங்கு பேசிக் கட்டணம் வாங்குவதை பார் கவுன்சில் விதிகள் அனுமதிக்கவில்லை. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமலே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

மனுத் தாக்கலான பிறகு வழக்கு மக்கள் நீதிமன்றத்துக்கு எடுக்கப்படலாம். அங்கே பேசி முடித்தால் பணம் சீக்கிரம் வரும்; ஆனால் மேல்முறையீடு கிடையாது. தீர்ப்பாயத்தின் உத்தரவு குறைவாக இருந்தால் 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம், சச்சரவில் உள்ள தொகை ஒரு லட்சத்துக்குக் குறையாமல் இருந்தால். காப்பீட்டு நிறுவனமும் அதே 90 நாளில் போகும், அதனால் உத்தரவு வந்த மறுநாளே பணம் வரும் என்று கடன்காரரிடம் தேதி சொல்லிவிடாதீர்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: ஏ.ஆர். காப்பி, எஃப்.ஐ.ஆர். நகல், காரின் காப்பீட்டு விவரம். மூன்றோடும் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். எக்ஸ்ரே படங்களைச் சுருட்டிப் பரணில் போட்டிருப்பீர்கள், அவற்றையும் இறக்கி எடுத்துப் போங்கள். முதல் நாள் எடுத்த படம் முக்கியம், அதில்தான் முறிவு முறிவாகத் தெரியும்.